தொட்டுப் பார், குழந்தாய்!

(மில் தொழிலாளர் சங்க வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில், பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



பகல் ஷிப்டு முடித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்திருக்கிறீர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளர் தோழர்கள் நடவை முடித்துக்கொண்டு, கால் சேறு காய்வதற்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இவர்கள் முன்னால் கூலியைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேசினால் நியாயம். ஆனால் குழந்தைகளுக்கான விஞ்ஞானக் காட்சிசாலைகளைப் பற்றிப் பேசும்படி வாசகசாலைத் தோழர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். “இது வயிறு நிறைந்தவர்கள் விஷயமாயிற்றே” என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. இது நம் வீட்டு விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு நகரத்துக் காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். பாதிப் பேர் மில் தொழிலாளர் பிள்ளைகள். மீதிப் பேர் காலனியிலிருந்து வரும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பிகளும் கயிறும் கொண்ட ஒரு சிறு பாரந்தூக்கி இருந்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்து, சிறு சந்து. பத்து வயசுப் பெண் ஒருத்தி அந்தச் சந்து வழியே விரலை விட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். காவலாளியின் பிரம்பு அவள் கையில் விழுந்தது. “போர்டு தெரியலையா? தொடாதே!” என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட கூலிக்காரர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண் அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். “எங்கப்பா மிஷினைத் தொடாமலேயா சார் வேலை கத்துக்கிட்டாரு?”

தோழர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தச் சொற்பொழிவு பிறந்தது.

கை கற்றுக் கொடுத்தது

ரிங் பிரேமில் நிற்கும் தோழர்களைக் கேட்கிறேன். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் கதிரில் இழை அறுந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் அதைப் பிணைக்கிறீர்களே, எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? விரல்தான் கற்றது. பிறகுதான் மூளைக்குச் சொல்லிற்று. ஒரு பிடி மண்ணை அள்ளிக் கசக்கிப் பார்த்து, இன்றைக்கு ஏர் பூட்டலாமா கூடாதா என்று சொல்லும் விவசாயியும் அப்படித்தான். கப்பியும் நெம்புகோலும் சாய்தளமும் கைகளால் உழைத்தவர்கள் கண்டவை. அவற்றுக்குக் கணக்கு எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள்.

காட்சிசாலையில் எல்லாவற்றையுமே தொடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் வருஷத்துச் சிலையை ஆயிரம் கை தடவினால் தேய்ந்து போகும். அதைக் காப்பது நம் கடமை. ஆனால் இழுத்துப் பார்த்தால்தான் விளங்கும் ஒரு கப்பியைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்து, கீழே ஒரு சீட்டு ஒட்டி, “படித்துத் தெரிந்துகொள்” என்றால், அது விஞ்ஞானமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

“தொடாதே” என்ற சொல் காலனித் தோழர்களுக்குப் புதிதல்ல. கிணற்றடியில் கேட்டது. கோவில் வாசலில் கேட்டது. டீக்கடைத் தம்ளரில் கேட்டது. பரம்பரை பரம்பரையாக அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் பிள்ளை, விஞ்ஞானத்தின் வாசலிலும் அதே சொல்லைக் கேட்டால் என்ன நினைப்பான்? “இதுவும் நமக்கில்லை” என்றுதான் நினைப்பான். ஆகவே அந்தப் பலகையைக் கழற்றியவர்கள் யார் யார், எங்கெங்கே, எப்படி என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

ஒரு பூங்காவில் தொடங்கியது

குழந்தைகளுக்கென்றே உலகில் முதல் காட்சிசாலை 1899 டிசம்பர் 16-ந் தேதி நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில், ஒரு பூங்காவுக்குள் இருந்த பழைய வீட்டில் திறக்கப்பட்டது. 1902-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் அன்னா பில்லிங்ஸ் காலப் என்ற பெண்மணி. 1937 வரை, முப்பத்தைந்து வருஷம், அதற்காகவே உழைத்தார். குழந்தை வெறும் பார்வையாளன் அல்ல, அந்த இடமே அவனுடையது என்பது அந்த அம்மையாரின் எண்ணம். பூச்சி, பறவை, கிளிஞ்சல், கல்வகை எல்லாம் குழந்தையின் உயரத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டன. எடுத்துப் பார்க்கலாம். கேள்வி கேட்கலாம். பூங்காவில் பார்த்த பறவையையும் செடியையும் அடையாளம் கண்டுபிடிக்க உள்ளே வரலாம்.

வண்ணத்துப்பூச்சியைக் குத்தி வைத்த பெட்டியைப் பார்ப்பது வேறு. புழு கூடு கட்டி, கூட்டை உடைத்துப் பூச்சியாக வெளிவருவதை நாள்தோறும் பார்ப்பது வேறு. முதலாவது பெயர் சொல்லிக் கொடுக்கும். இரண்டாவது, இயற்கை மாறிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கும்.

பிரபுவின் மாளிகையில்

இரண்டாவது கதை லெனின்கிராடில் நடக்கிறது. அந்த நகரத்தில் பான்டான்கா ஆற்றங்கரையில் ஷெரமெத்தியேவ் பிரபுக்களின் மாளிகை ஒன்று உண்டு. ஜார் காலத்து ருஷ்யாவில் லட்சத்துக்கு மேற்பட்ட பண்ணை அடிமைகளை வைத்திருந்த குடும்பம் அது. அந்த மாளிகையில் 1935 அக்டோபரில் ஒரு புதுப் பலகை மாட்டப்பட்டது: “பொழுதுபோக்கு விஞ்ஞான இல்லம்”.

இதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் யாகவ் பெரல்மான். அவர் பௌதிகப் பேராசிரியர் அல்ல. காட்டு இலாகாப் படிப்புப் படித்த பத்திரிகை எழுத்தாளர். 1913-ல் அவர் எழுதிய பொழுதுபோக்குப் பௌதிகம் என்ற புத்தகம் பல மொழிகளில் வந்தது. மாஸ்கோவில் அச்சாகித் தமிழிலும் வந்தது. அரிக்கேன் விளக்கடியில் அதைப் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

அந்த இல்லத்தில் வானசாஸ்திரம், பௌதிகம், கணிதம், பூகோளம் என்று பகுதிகள் இருந்தன. விலையுயர்ந்த கருவிகள் இல்லை. அட்டை, மரம், கண்ணாடி, கம்பி, இவைதான். வருகிறவர்கள் எல்லாவற்றையும் தொடலாம், திருப்பலாம், இழுக்கலாம். கணித அறையில் ஒரு வேடிக்கை. பத்து லட்சம் என்றால் எவ்வளவு? வாயால் சொல்வது சுலபம். கண்ணால் பார்த்தவர் உண்டா? பெரல்மான் பார்க்க வைத்தார். கருநீலத் தாளில் மஞ்சள் நிறச் சிறு வட்டங்கள், சரியாகப் பத்து லட்சம். அண்ணாந்து பார்த்தவனுக்குப் பத்து லட்சம் என்பது கணக்குப் புத்தகத்து ஆறு பூஜ்யமாக அல்ல, கண்முன் விரிந்து கிடக்கும் பரப்பாகத் தெரிந்தது. ஒரு முதலாளி பத்து லட்சம் லாபம் என்று கணக்குக் காட்டும்போது அது எத்தனை பேர் உழைப்பு என்று நமக்கும் அப்படித் தெரிந்தால் நன்றாயிருக்கும்!

எந்தக் குடும்பம் மனிதர்களை உடைமையாக வைத்திருந்ததோ, அந்தக் குடும்பத்தின் கூடத்தில் தொழிலாளி வீட்டுக் குழந்தைகள் தராசைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆறு வருஷத்துக்குள் லட்சக்கணக்கான பேர் வந்து போனார்கள்.

1941 ஜூன் 22-ல் ஹிட்லர் படை சோவியத் யூனியனுக்குள் நுழைந்தது. இல்லம் மூடப்பட்டது. செப்டம்பர் 8-ல் நகரம் முற்றுகையிடப்பட்டது. 872 நாள் முற்றுகை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு கட்டத்தில் ஆலைத் தொழிலாளி அல்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது. நம் உள்ளங்கையில் அடங்கும். அறுபது வயசைத் தொடும் பெரல்மான் அந்தப் பட்டினியிலும் சும்மா இருக்கவில்லை. நகரத்தின் குறுக்கே நடந்து போய், படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் வகுப்பு எடுத்தார். கருவி எதுவும் இல்லாமல் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது, தூரத்தை எப்படி மதிப்பிடுவது, இவைதான் பாடம். விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்த விஞ்ஞானம் உயிரைக் காக்கும் விஞ்ஞானமாயிற்று. 1942 ஜனவரியில் அவர் மனைவி பசியால் இறந்தார். மார்ச் 16-ல் அவரும் இறந்தார். இல்லத்துப் பொருள்கள் முற்றுகையில் அழிந்தன. புத்தகங்கள் மிஞ்சின.

புதன்கிழமைக் குளம்

மூன்றாவது கதை அமெரிக்காவில், கலிபோர்னியாவில் தொடங்குகிறது. பாசடேனா என்ற ஊரில் நகரசபைக்குச் சொந்தமான நீச்சல்குளம் ஒன்று இருந்தது. வெள்ளையர் அல்லாதவர்கள் அதில் புதன்கிழமை மட்டும்தான் இறங்கலாம். அவர்கள் குளித்த பிறகு தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். நம் ஊர்க் குளத்துக் கதையைப் போல இருக்கிறதல்லவா? சாதிக்குப் பதில் நிறம்.

1937-ல் இந்த அநியாயத்தை எதிர்த்தவர்களில் ஒரு இளம் பௌதிக விஞ்ஞானியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் பெயர் பிராங்க் ஓபன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானத் தலைவர் ராபர்ட் ஓபன்ஹைமரின் தம்பி. அவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. தகப்பனார் துணி இறக்குமதி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். ஆனால் நாடெங்கும் வேலையின்மை பரவிய அந்தக் காலத்தில், இதற்கு விடை எங்கே என்று தேடிக் கணவனும் மனைவியுமாக அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்கள். மூன்றரை வருஷம் போல உறுப்பினராக இருந்துவிட்டு விலகினார்கள்.

போர்க்காலத்தில் அவரும் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தார். 1945 ஜூலை 16-ல் பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்தபோது அண்ணனுக்கு அருகே இருந்தார். அதன் பிறகு அணுசக்தியைச் சர்வதேசக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். மக்களுக்குத் தெரியாமல் சில பேர் பூட்டிய அறைக்குள் செய்யும் விஞ்ஞானம் எங்கே போய் முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர்.

1947-ல் ஒரு பத்திரிகை அவருடைய பழைய கட்சித் தொடர்பை வெளியிட்டது. முதலில் அவர் மறுத்தார். அது அவருடைய தவறு. 1949 ஜூனில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் விசாரணைக் கமிட்டி முன் நிறுத்தப்பட்டபோது உண்மையை ஒப்புக்கொண்டார். ஆனால் “வேறு யார் யார்?” என்று கேட்டபோது ஒரு பெயரையும் சொல்ல மறுத்துவிட்டார். அன்றோடு மினசோட்டா சர்வகலாசாலை வேலை போயிற்று. பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. நம்மில் பிளாக் லிஸ்டில் போடப்பட்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டாக ஏறி இறங்கினால், ஒவ்வொரு கேட்டிலும் “ஆள் தேவையில்லை” என்பார்கள்.

பழைய இரும்புக் குவியலே பள்ளிக்கூடம்

ஆய்வுக்கூடத்துக்குள் விடாத விஞ்ஞானி, கொலராடோ மலைப்பகுதியில் பகோஸா ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போய் மாட்டுப்பண்ணை வைத்தார். கிட்டத்தட்டப் பத்து வருஷம் வேலி கட்டினார், மாடு பார்த்தார். 1957-ல், அந்த வேட்டையின் வேகம் தணிந்த பிறகு, அந்தச் சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்க இடம் கிடைத்தது.

அங்கே ஆய்வுக்கூடம் எங்கிருந்து வரும்? பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப் போனார். உடைந்த மோட்டார் வண்டி பாகங்களைப் பொறுக்கி வந்து, அவற்றை வைத்தே யந்திரவியல், வெப்பம், மின்சாரம் எல்லாம் நடத்தினார். அந்தப் பிள்ளைகள் மாநில விஞ்ஞானப் போட்டியில் முதல் பரிசுகளை வென்றார்கள். இரண்டே வருஷத்தில் கொலராடோ சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. அங்கே மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து தாமே செய்து பார்க்கும்படி, பரிசோதனைகளின் நூலகம் ஒன்றை அமைத்தார்.

1965-ல் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கிருந்த விஞ்ஞானக் காட்சிசாலைகளைப் பார்த்தார். அவர் மனத்தைக் கவர்ந்தது பாரிஸின் “கண்டுபிடிப்பு மாளிகை”. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்ஸில் இடதுசாரி மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்து, தொழிலாளிக்கு நாற்பது மணி நேர வாரமும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாக்கியது 1936-ல். விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அந்த ஆட்சி முதலில் ஐரீன் ஜோலியோ-கியூரியையும், அவருக்குப் பின் ஜான் பெரனையும் பொறுப்பாக வைத்தது. இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். அந்தப் பெரனின் முயற்சியால் 1937-ல் உருவானதுதான் அந்த மாளிகை. பொருளைப் பெட்டியில் அடுக்காமல், பரிசோதனையைச் சாதாரண ஜனங்களின் கண்முன்னே செய்து காட்டுவது அதன் வழி. தொழிலாளிக்கு ஓய்வு நேரம் கிடைத்ததும், அந்த நேரத்தில் விஞ்ஞானம் பார்க்க ஒரு வீடு கிடைத்ததும் அடுத்தடுத்த வருஷங்களில் நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

திறந்த பட்டறை

1969-ல் சான்பிரான்ஸிஸ்கோவில் பிராங்க் ஓபன்ஹைமர் தம் காட்சிசாலையைத் திறந்தார். பெயர் எக்ஸ்ப்ளோரடோரியம், அதாவது ஆராய்ந்து பார்க்கும் இடம். 1915-ம் வருஷத்துப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட, வளைந்து நீண்ட பெரிய கொட்டகை. ஆடம்பரத் திறப்பு விழா இல்லை. கதவைத் திறந்து வைத்தார்கள், ஜனங்கள் வந்தார்கள்.

அங்கே முதலில் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? பட்டறை. லேத்தும் வெல்டிங்கும் துளையிடும் யந்திரமும் எல்லோரும் பார்க்கும்படி. பிட்டரும் தச்சரும் காட்சிப் பொருள்களைச் செய்வதே ஒரு காட்சி. வேறு இடங்களில் உழைப்பைப் பின்கட்டில் மறைத்து, முடிந்த பண்டத்தை முன்கூடத்தில் பளபளக்க வைப்பார்கள். அவர் அதைத் தலைகீழாக்கினார்.

அங்கிருந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

கனமான இரும்புக் குண்டு ஒன்று ஊசலாகத் தொங்குகிறது. தள்ளக் கூடாது. நூலில் கட்டிய ஒரு சிறு காந்தம் கொடுப்பார்கள். அதைக் குண்டில் ஒட்டவைத்து இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் காந்தம் பிய்ந்து வந்துவிடும். மெதுவாக, குண்டு உன் பக்கம் வரும்போது மட்டும் இழு. போகும்போது விட்டுவிடு. தாளம் தப்பாமல் இப்படிச் செய்தால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய குண்டு வீசி ஆடத் தொடங்கும். ஊஞ்சல் ஆட்டிய எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். சிறு இழுப்புதான், ஆனால் தக்க நேரத்தில், விடாமல். சங்கம் வைத்தவர்களுக்கும் இது தெரிந்த பாடம்தான்.

மேல்நோக்கி வீசும் காற்றில் ஒரு பந்து அந்தரத்தில் நிற்கும். கையால் பக்கத்தில் இழுத்தாலும் திரும்பி உள்ளே போகும். காரணம் என்ன? பந்து வெளியே சாயும்போது, அதைத் தழுவி ஓடும் காற்று வெளிப்புறமாக வளைகிறது. பந்து காற்றை வெளியே தள்ளுவதால், காற்று பந்தை உள்ளே தள்ளுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதலாம். ஆனால் அந்த இழுவிசையை உள்ளங்கையில் உணர்ந்தவன் மறக்க மாட்டான்.

இயற்கைப் பாடமும் உண்டு. மாட்டின் கண் ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் அறுத்துக் காட்டுவார்கள். உள்ளே பாசிமணி போல் தெளிவான வில்லை. அதை எடுத்துப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்தால் எழுத்துப் பெரிதாகத் தெரியும். கண் என்பது மாயம் அல்ல, அதுவும் ஒரு கருவி என்று அந்த நிமிஷத்தில் குழந்தைக்குத் தெரிகிறது. அறுத்துக் காட்டியவர்கள் யார்? உயர்நிலைப் பள்ளிப் பையன்களும் பெண்களும். நல்ல மார்க் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கவில்லை. எல்லா வகைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, சம்பளம் கொடுத்து விளக்கம் சொல்ல வைத்தார்கள். காட்சிசாலையில் யாரும் பெயிலாவதில்லை என்பது ஓபன்ஹைமர் அடிக்கடி சொன்ன கருத்து.

பாப் மில்லர் என்ற கலைஞர் வந்தவர்களை வெளியே அழைத்துப் போவார். மரத்தடியில் விழும் வெயில் வட்டங்களைக் காட்டுவார். தோழர்களே, இது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கீற்றுக் கூரையின் ஓட்டை வழியே தரையில் விழும் வெயிலைப் பாருங்கள். ஓட்டை கோணல் மாணலாக இருக்கும். விழும் வெளிச்சம் மட்டும் வட்டமாக இருக்கும். ஏன்? அது ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் பிம்பம். நம்பாவிட்டால் சூரிய கிரகணத்தன்று பாருங்கள். வட்டங்கள் எல்லாம் பிறையாகிவிடும். ஒழுகும் கூரைக்குள் சூரியனே இறங்கி வந்து பாடம் நடத்துகிறது. கூரை ஒழுகக் கூடாது என்று போராடுவோம். அதுவரை அந்தப் பாடத்தையும் விட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாங்கள் கண்டுபிடித்த காட்சிகளை எப்படிச் செய்வது என்று சமையல் புத்தகம் போல அளவு, பொருள், பழுது எல்லாம் எழுதி 1970-களின் நடுவில் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். உலகெங்கும் பல காட்சிசாலைகள் அப்படிச் செய்துகொண்டன. அறிவுக்குப் பூட்டுப் போடாத இந்தக் குணத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 1985-ல் சாகும்வரை அவரே அதன் தலைவராக இருந்தார்.

தொடக்க ஆண்டுகளில் அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. பின்னால் வந்தது. 2013-ல் துறைமுகக் கரையில் வேறு கட்டிடத்துக்கு மாறியது. இன்று பெரியவர் ஒருவர் உள்ளே போக முப்பது டாலருக்கு மேல் ஆகிறது. “தொடாதே” பலகையைக் கழற்றிய வீட்டின் வாசலிலேயே சீட்டு விற்கும் ஜன்னல் வந்துவிட்டது. கட்டணமும் ஒரு “தொடாதே”தான், தோழர்களே. அதை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் இது நடக்கவில்லையா? நடந்தது. கல்கத்தாவில் 1959-ல் தொழில், தொழில்நுட்பக் காட்சிசாலை திறக்கப்பட்டது. 1965-ல் அங்கிருந்து காட்சிப் பொருள்களை வண்டியில் ஏற்றிக் கிராமப்புறத்துக்கு அனுப்பினார்கள். குழந்தை காட்சிசாலைக்கு வர முடியாவிட்டால், காட்சிசாலை குழந்தையிடம் போகட்டும் என்ற நல்ல எண்ணம். அப்படிப்பட்ட வண்டிகள் பின்னர் பல மாநிலங்களில் பெருகின. சென்னைக் கோட்டூர்புரத்திலும் பெரியார் பெயரால் விஞ்ஞான மையமும், 1988 முதல் கோளரங்கமும் இருக்கின்றன.

பணம் இல்லாமலும் செய்யலாம் என்று காட்டியவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். 1972-ல் ஹோஷங்காபாத் ஜில்லாவில் பதினாறு கிராமத்துப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. மனப்பாடம் இல்லை. குழந்தைகள் வயலுக்குப் போவார்கள், செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார்கள், தாமே பரிசோதனை செய்வார்கள். 1978-ல் புனாவில் லாரி செய்யும் தொழிற்சாலையில் இஞ்சினீயராக இருந்த அரவிந்த் குப்தா லீவு போட்டுவிட்டு அங்கே போனார். கிராமத்துச் சந்தையில் சுற்றி, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் வாங்கினார். ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகினால் முக்கோணம், சதுரம், கூடாரம், வீடு எல்லாம் வருகிறது. சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது. முக்கோணம் சாய்வதில்லை. பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் ஏன் முக்கோணம் என்று சில பைசா செலவில் குழந்தைக்கு விளங்கிவிட்டது. குப்பையிலிருந்து பொம்மை, பொம்மையிலிருந்து விஞ்ஞானம் என்பதே அவர் வாழ்நாள் வேலையாயிற்று.

அந்த ஹோஷங்காபாத் திட்டம் பல ஜில்லாக்களுக்குப் பரவியது. 2002-ல் மாநில சர்க்கார் அதை நிறுத்திவிட்டது. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளை எல்லா சர்க்கார்களும் விரும்புவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். சர்க்கார் விஞ்ஞான மையங்களில் தொழிலாளி, விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கூடாது. விஞ்ஞான வண்டி கிராமத்துக்கும் காலனிக்கும் வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவது போதாது. உடைந்த கைப்பிடிகளைப் பழுது பார்க்க ஆள் போட வேண்டும். பித்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காத காட்சிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். குழந்தை அதிலிருந்து கற்பது ஒன்றுதான்: எதை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்பது. அதைவிட மோசமான பாடம் உண்டா?

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாசகசாலையில் ஜன்னலோரம் ஒரு மேஜை சும்மா கிடக்கிறது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். கழித்துப்போட்ட பாபின், பழைய பேரிங், சைக்கிள் சக்கரம், கண்ணாடித் துண்டு, ஓரம் தேய்த்து மழுக்கியது, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், பவுடர் டப்பா. பாட்டரி செல்லும் ஒரு முழம் கம்பியும் வாங்கினால் போதும். காலனித் தோழர்கள் நெல் விதை, நாற்று, மண்புழு, புற்றுமண், தூக்கணாங்குருவி விட்டுப்போன கூடு கொண்டுவரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் தோழர் ஒருவரும் வயல்வேலை தெரிந்த ஒரு தாயும் அங்கே உட்காரட்டும். உங்களுக்குத் தெரியாதது என்று குழந்தை கேட்டால், “தெரியாது, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய விஞ்ஞானப் பாடத்தை எந்தப் பேராசிரியராலும் நடத்த முடியாது.

(இந்த இடத்தில் பேச்சாளர் தாம் கொண்டுவந்த சைக்கிள் சக்கரத்தை எடுத்து, ஒர்க்‌ஷாப் தோழர் ஒருவரை அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வேகமாகச் சுற்றிவிட்டார். சாய்த்துப் பார்க்கச் சொன்னபோது சக்கரம் வேறு பக்கம் திரும்பவே, தோழர் தடுமாறினார். கூட்டத்தில் சிரிப்பு.)

பார்த்தீர்களா? இருபது வருஷம் யந்திரத்தோடு பழகிய தோழர். சக்கரம் அவரையே ஏமாற்றிவிட்டது. சும்மா இருக்கும் சக்கரத்தை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம். சுற்றும் சக்கரம் சாய்க்கும் கைக்கு எதிர்பாராத பக்கம் திரும்பும். பம்பரம் விழாமல் நிற்பதும் இதனால்தான். இதை இருநூறு பேர் பார்த்தீர்கள். ஆனால் தெரிந்துகொண்டவர் ஒருவர்தான், பிடித்திருந்தவர். பார்ப்பதற்கும் தொடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

போன வருஷம் பிரம்படி பட்ட அந்தப் பெண் இந்த முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், வெட்கப்படுவாள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், அம்மா. உன் அப்பா தொட்டுத்தான் கற்றார். பிரபுவின் மாளிகையில் ருஷ்யக் குழந்தைகள் தொட்டுத்தான் கற்றார்கள். குப்பைமேட்டு இரும்பில் கொலராடோப் பிள்ளைகள் தொட்டுத்தான் கற்றார்கள். நீயும் அப்படித்தான் கற்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் இந்தச் சக்கரம் இந்த மேஜையிலேயே இருக்கும். பிரம்போடு யாரும் நிற்க மாட்டார்கள். வரிசையாக வாருங்கள். நீ முதலில் வா.